கடை முதலாளியும் பணியாளரும்: சட்டம் சொல்வது என்ன?

தொழிலாளர் சட்டம் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன ஆலையின் புகைபோக்கியும், வாயிலில் பறக்கும் சங்கக் கொடியுமே. ஆனால் நம் கடைத்தெருவைச் சற்று எண்ணிப் பாருங்கள். மளிகைக் கடை, ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, உணவு விடுதி என எத்தனை எத்தனை! ஒவ்வொன்றிலும் இருவரோ, ஐவரோ, பத்துப் பேரோ உழைக்கின்றனர். அங்கே சங்கம் இல்லை. நிர்வாக அலுவலகம் இல்லை. கல்லாவில் அமர்ந்திருப்பவரைப் பணியாள் ‘அண்ணாச்சி’ என்பார். அவர் இவரைத் ‘தம்பி’ என்பார். வேலைக்குச் சேர்ந்தது வாய்ச்சொல்லால். சம்பளம் பேசியது வாய்ச்சொல்லால். ஒருநாள் ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்பதும் வாய்ச்சொல்லே!

நம் கல்லூரி மாணவர்களுள் அத்தகைய முதலாளிகளின் பிள்ளைகளும் உண்டு; பணியாளர்களின் பிள்ளைகளும் உண்டு. மாலை வேளைகளில் கடையில் நின்று கட்டணத்திற்குப் பொருள் தேடுவோரும் உண்டு. ஆகவே இச்சட்டங்களை நாம் அறிந்திருப்பது நன்று.

நேரமும் ஓய்வும்

தமிழ்நாட்டுக் கடைகளுக்கு அடிப்படையானது 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். இதன்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி. வாரத்திற்கு 48 மணி. மிகைநேரம் சேர்ந்தாலும் நாளுக்கு 10 மணியையும், வாரத்திற்கு 54 மணியையும் தாண்டலாகாது. தொடர்ந்து 4 மணி நேரம் உழைத்தவருக்கு ஒரு மணி நேர ஓய்வு தரவேண்டும். வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை உண்டு. மிகைநேரத்திற்கு இருமடங்கு ஊதியம். மணிக்கு 80 ரூபாய் பெறுபவருக்கு மிகைநேர மணி ஒன்றுக்கு 160 ரூபாய் தரவேண்டும். தீபாவளிக் கூட்டத்தின்போது இரவு வெகுநேரம் துணி மடிப்போரில் எத்தனை பேர் இதனை அறிவர்?

இச்சட்டத்தில் 2021ஆம் ஆண்டு ஒரு திருத்தம் செய்யப்பட்டது. பணியாளர் வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்ந்துகொள்ள இருக்கை வசதி இருத்தல் வேண்டும் என்பதே அது. கேரளம் 2018ஆம் ஆண்டிலேயே இவ்வுரிமையை வழங்கியது. ஜவுளிக் கடைப் பெண்கள் பல்லாண்டு போராடிப் பெற்றது அது. காலையிலிருந்து இரவுவரை கால்கடுக்க நிற்பவருக்கு ஒரு நாற்காலியின் அருமை தெரியும்.

வேலை நீக்கம்

எல்லாவற்றினும் முதன்மையானது 41ஆம் பிரிவு. தொடர்ந்து ஆறு மாதங்களுக்குக் குறையாமல் பணியாற்றிய ஒருவரைத் தக்க காரணமின்றி நீக்கக்கூடாது. காரணம் இருப்பினும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கீடான ஊதியமோ தரவேண்டும். திருட்டு போன்ற குற்றச்சாட்டாயின் முன்னறிவிப்புத் தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்தி, போதிய சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் இதற்கென அரசு நியமித்துள்ள அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அவரது முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

இங்குதான் வாய்ச்சொல்லின் கேடு வெளிப்படுகிறது. கல்லாவில் பணம் குறைந்ததென்று பணியாளை அன்றே அனுப்பிவிடுகிறார் ஒரு முதலாளி என்று வைத்துக்கொள்வோம். பணம் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் தரவில்லை, விளக்கம் கேட்கவில்லை, சாட்சியைப் பதிவு செய்யவில்லை. மேல்முறையீட்டில் அவர் எதைக் காட்டுவார்? மறுபுறம், பணியாள் குற்றமற்றவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கடையில் வேலை பார்த்ததற்கே சான்றில்லையெனில் அவர் எதைக் காட்டுவார்? எழுத்தில்லாத இடத்தில் உண்மையுள்ளவனும் தோற்கிறான்.

புதிய தொகுப்புகள்

மைய அரசின் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒருங்கிணைத்து இயற்றப்பட்ட நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. ஊதியத் தொகுப்பின்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள் தரவேண்டும். பணியினின்று நீங்கியவருக்கோ, நீக்கப்பட்டவருக்கோ உரிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்கவேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ உழைக்கும் நிறுவனத்தில் பணி நியமனக் கடிதம் தரவேண்டும்.

அத்தகைய கடைகளில் ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்து விலகும் நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடையும் உண்டு. ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம். மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து நாள் ஊதியம் காண்பர். கணக்கிற்குரிய ஊதியம் 13,000 ரூபாயாயின் நாளுக்கு 500, ஆண்டுக்கு 7,500, பத்தாண்டு உழைத்தவருக்கு 75,000 ரூபாய். ஓர் ஏழைக் குடும்பத்தில் இது ஒரு மகளின் மேற்படிப்பு அல்லவா?

செய்யத்தக்கது யாது?

‘இத்தனை சட்டத்தையும் பார்த்தால் கடையை மூடவேண்டியதுதான்’ என்று சிறு முதலாளிகள் சலித்துக்கொள்வதுண்டு. அவர்கள் கவலையை நாம் எள்ளி நகையாடலாகாது. பெருநிறுவனத்திற்கு வழக்கறிஞர் உண்டு; இவருக்கோ தாமே எல்லாம். ஆயினும் தொடக்கத்திற்குத் தேவைப்படுவன பெருஞ்செலவுடையன அல்ல. சேர்ந்த நாளும் சம்பளமும் குறித்த ஒரு கடிதம், வந்த நேரமும் சென்ற நேரமும் எழுதிய ஒரு வருகைப் பதிவேடு, கையொப்பம் பெற்ற ஒரு சம்பளச் சீட்டு. முன்பணம் கொடுத்தால் அதற்கும் ஒரு குறிப்பு. பணியாளரும் இவற்றின் படியைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்பது நன்றிகெட்ட செயலன்று, உரிமை.

‘நமக்குள் எதற்குக் காகிதம்?’ என்ற பேச்சு அன்பின் பேச்சாகத் தோன்றும். ஆனால் அன்பு முறியும் நாளில்தான் காகிதம் தேவைப்படுகிறது. கொடுக்கல் வாங்கலில் உடன்பிறந்தோரே சீட்டு எழுதிக்கொள்ளும் நாடு இது. உழைப்பும் ஒரு கொடுக்கல் வாங்கலே. வணிகவியல் பயிலும் நண்பர்கள் பேரேடு எழுதக் கற்றுக்கொள்கின்றனர். அக்கல்வியைத் தம் தெருக் கடைக்கு எடுத்துச் சென்று, முதலாளிக்கு ஒரு பதிவேட்டையும் பணியாளருக்கு ஒரு சம்பளச் சீட்டையும் எழுதிக் கொடுப்பார்களாயின், கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும்.