அயலார்மீது பழியும் அடைபட்ட செய்தியும்

மக்கள் ஓர் அரசின்மீது வெகுண்டெழுங்கால், அவ்வெகுளிக்குரிய காரணம் யாதென ஆராய்தல் ஆள்வோரின் கடனாகும். ஆயின், சர்வாதிகார ஆட்சிகள் இக்கடனினின்று நழுவுதற்கு எளியதொரு வழியைக் கைக்கொள்ளுகின்றன. கிளர்ச்சி தம் மக்களின் செயலன்று, பிறநாட்டாரின் சூழ்ச்சியே எனச் சாற்றுகின்றன. அக்கூற்றை மறுக்கவல்ல செய்திகளை மறைக்கின்றன. இவ்விரு செயல்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்பதற்குக் கிழக்கு ஜேர்மனியின் வரலாறு தக்க சான்றாகும்.

சோவியத் படைகளின் ஆதிக்கத்திலிருந்த பகுதியில் 1949ஆம் ஆண்டு அமைந்தது அந்நாடு. 1953ஆம் ஆண்டு மே மாத இறுதியில், தொழிலாளர் செய்து முடிக்கவேண்டிய வேலையின் அளவை அரசு குறைந்தது 10 சதவீதம் உயர்த்தியது, ஊதியமோ உயரவில்லை. யூன் 16ஆந் திகதி, கிழக்குப் பேர்லினில் ஸ்டாலினின் பெயர் தாங்கிய பெருந்தெருவிலே கட்டட வேலை செய்தோர், வேலையை நிறுத்தி ஊர்வலமாகப் புறப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி 700இற்கும் மேற்பட்ட ஊர்களில் மூண்டது. கூலி பற்றி எழுந்த குரல், சுதந்திரமான தேர்தல் வேண்டுமென்னும் குரலாக வளர்ந்தது. சோவியத் தாங்கிகள் அதனை அடக்கின. 50இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

18ஆந் திகதி, ஆளுங் கட்சியின் நாளேடு இந்நிகழ்ச்சியைப் பாசிச முகவர்களின் சதியெனச் சித்திரித்தது. ஆயின், வேலையளவைக் கட்டாயமாக உயர்த்தியது தவறெனக் கூறி, அந்த ஆணையை 16ஆந் திகதியே ஆள்வோர் மீட்டுக்கொண்டிருந்தனர். அயலாரே கிளர்ச்சிக்குக் காரணமாயின், தம் ஆணையை மீட்டுக்கொண்டது எதற்காக? வேலைநிறுத்த உரிமை அரசியலமைப்பிலேயே உண்டென நினைவூட்டிய நீதியமைச்சர் மாக்ஸ் ஃபெக்னர், அடுத்த மாதமே பதவியிழந்து சிறை புகுந்தார்.

ஈண்டு ஓர் எதிர்வாதம் எழலாம். மேற்குப் பேர்லினில் அமெரிக்கர் நடத்திய ரியாஸ் வானொலி, வேலைநிறுத்தச் செய்தியை நாடெங்கும் பரப்பியதன்றோ? உண்மையே. ஆயின், மக்கள் அவ்வானொலியை நாடியது ஏன்? தம் தெருவில் நிகழ்ந்ததைத் தம் நாளேடுகள் உள்ளவாறு கூறாமையாலேயாம். அயலாரின் குரலுக்குச் செவிகளைத் தேடிக் கொடுத்தது தணிக்கையே.

அயலார் தலையீடு என்பது எங்கும் பொய் என்று கூறுதல் எம் கருத்தன்று. அதே 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஈரானியப் பிரதமர் மொசாதெக் வீழ்த்தப்பட்டமைக்குப் பின்னால் அமெரிக்க, பிரித்தானிய உளவு நிறுவனங்கள் இருந்தன. தம் நாட்டின் பங்கினை ஒப்புக்கொள்ளும் அமெரிக்க உளவு ஆவணங்கள் 2013இல் வெளிவந்தன. ஆகவே, இத்தகைய குற்றச்சாட்டு ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அரசு தன் சான்றுகளை வெளிப்படையாக வைக்கின்றதா? மறுத்துரைப்போரைப் பேசவிடுகின்றதா? மக்களின் குறைக்கு உள்நாட்டிலேயே வேர் உண்டா? இவ்வினாக்களின் முன் கிழக்கு ஜேர்மன் அரசின் கூற்று நிலைபெறவில்லை.

எனினும் அவ்வரசு தன் வழியை மாற்றிற்றில்லை. மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறவே, 1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆந் திகதி பேர்லினைப் பிரிக்கும் தடுப்பை எழுப்பத் தொடங்கியது. தன் மக்களைத் தடுத்த அம்மதிலுக்கு, பாசிசத்தினின்று காக்கும் அரண் எனப் பெயரிட்டது. அடுத்த மாதம், கட்சியின் இளைஞர் அணியினர் கூரைகளில் ஏறி, மேற்றிசை நோக்கிய தொலைக்காட்சி அலைவாங்கிகளைத் திருப்பியும் அகற்றியும் நின்றனர். ஆயினும் மக்கள் மேற்கு நாட்டு ஒலிபரப்பைக் கைவிடவில்லை. 1989ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி மதிலின் வாயில்கள் திறந்தன. அடுத்த ஆண்டே அவ்வரசு மறைந்தது.

செய்தியை அடைத்து வைப்பதால் மக்கள் மட்டுமன்றி, ஆள்வோரும் உண்மையை இழக்கின்றனர். இடித்துரைப்போரை எல்லாம் அயலாரின் ஒற்றரென ஒதுக்கிய அரசு, தன் வீட்டில் நிகழ்வதை அறிதற்குத் தானே வழியற்றுப் போகின்றது. நோயை மறைப்பவன் மருத்துவனை ஏமாற்றுவதாக எண்ணலாம். நோயோ அவன் உடலிலேயே வளர்கின்றது.