பழைய றேடியோ இருக்கட்டும், பேச்சு விளங்கட்டும்



சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வானொலியில் மரண அறிவித்தல் போனது. முதல்நாளே ஒலிப்பதிவு செய்து வைத்தது, வாசித்தவன் நான்தான். பக்கத்துச் சீற்றில் இருந்த அம்மா, "ஆரெண்டு சொல்லுறாய்? ஒண்டும் விளங்கேல்லை" என்றார். எனக்கு வீதியில் கவனம். "அளவெட்டிப் பக்கம் ஒரு ஆள் அம்மா" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது, இறந்தவர் பள்ளிக்கூடத்தில் அம்மாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதி என்று. கலியாணம் கட்டிய பிறகு வந்த பெயரை வைத்து எனக்கு அவரைத் தெரியவில்லை. ஆனால் அறிவித்தலில் அவருடைய தகப்பனார் பெயர் இருந்தது. அது காதில் விழுந்திருந்தால் அம்மா உடனே பிடித்திருப்பார். அதற்குள் கிரியைகள் எல்லாம் முடிந்துவிட்டன. அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. கலையகத்தில் நான் எவ்வளவு திருத்தமாக உச்சரித்தாலும், கடைசியில் கார்க் கதவுக்குள் அந்தப் பேச்சு கெட்டுப் போனால் என்ன பயன்?

கார் ஒலிக்கருவிகள் பூட்டும் ஒரு கடையில் விசாரித்தேன். றேடியோ முதல் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும், 2,400 டொலர் என்றார்கள். கணக்காளன் அல்லவா, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்த்தேன். கடைசியில் றேடியோவைத் தொடாமலே காரியத்தை முடித்தேன். அந்த அனுபவத்தைத்தான் இம்மாதம் பகிர்ந்துகொள்கிறேன்.

றேடியோவை ஏன் மாற்றவில்லை? முந்திய காலத்துக் கார்களில் றேடியோ தனிப்பெட்டி. இரண்டு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். இப்போது அப்படியல்ல. பின்னால் எடுக்கும்போது பார்க்கும் கமெரா, ஸ்ரியரிங் பொத்தான்கள், கைத்தொலைபேசி இணைப்பு எல்லாம் அந்தத் திரையோடுதான் சேர்ந்திருக்கின்றன. 2018 மே மாதத்திலிருந்து கனடாவில் புதிய கார்களுக்குப் பின்கமெரா கட்டாயம். சில கார்களில் ஹீற்றர், ஏசி, எச்சரிக்கை ஒலிகள்கூட அதன் வழியாகத்தான். லீசுக்கு எடுத்த கார் என்றால் இருந்தபடியே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பெரும்பாலான கார்களில் குறை றேடியோவிலும் இல்லை. அதற்குப் பிறகு வரும் ஸ்பீக்கரிலும் கதவிலும்தான் இருக்கிறது.

பேச்சு ஏன் விளங்காமல் போகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். மனிதக் குரலின் கனம் ஏறக்குறைய 100 முதல் 250 ஹேர்ட்ஸ் வரையான தாழ்ந்த சுரத்தில் இருக்கிறது. ஆனால் சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துக்களின் ஒலி பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையில் இருக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான் கடத்தியது. இருந்தும் ஊரிலிருந்து வந்த குரல் எங்களுக்கு விளங்கியது. காரிலோ ரயரும் எஞ்சினும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுரம். தாழ்ந்த ஒலி பலத்தால் அதற்கு மேலே உள்ள ஒலியை மூடிவிடும் இயல்புடையது. அதற்கு மேல் நாங்களும் பேஸைக் கூட்டினால் சொல் அடியோடு அமிழ்ந்துபோகும்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பற்றரிக்கும் தடை வந்த காலத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். அது 6 வோல்ற், 3 வாட்ஸ் டைனமோ. அந்தச் சொற்ப மின்சாரத்தில் பிபிசி தமிழோசையின் ஒவ்வொரு சொல்லையும் பிடித்தோம். ஆகவே பேச்சு விளங்குவதற்கு வாட்ஸ் அல்ல முதல் தேவை.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது படிக்கு ஒரு சதமும் செலவில்லை. றேடியோவின் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். எங்கள் காரில் மகன் பேஸை உச்சத்தில் விட்டிருந்தான். ஒலியைப் பின்பக்கம் தள்ளியும் வைத்திருந்தான். பேஸை நடுவுக்குக் கீழே இறக்கி, ட்ரெபிளை ஒரு படி கூட்டி, ஒலியை முன்னுக்குக் கொண்டுவந்தேன். வேகத்துக்கு ஏற்பச் சத்தத்தைக் கூட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பாதிக் குறை இதிலேயே தீரக்கூடும். இன்னொன்று: அமைதியான வீட்டிலும் பெரியவர்களுக்குப் பேச்சு விளங்கவில்லை என்றால் குறை காரில் இல்லை. காதைப் பரிசோதிப்பதை ஒத்திவைக்காதீர்கள்.

இரண்டாவது, முன்கதவு ஸ்பீக்கர்கள். எங்கள் காரில் இருந்தவை சின்னக் காந்தம் பூட்டிய கடதாசிக் கூம்புகள். ஒன்று ஓரம் வெடித்து அதிர்ந்துகொண்டிருந்தது. வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் உச்ச வாட்ஸைப் பார்க்க வேண்டாம். அது மொத்த வருமானம் மாதிரி. சிறிய எழுத்தில் இருக்கும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான் நிகர வருமானம். றேடியோவிலும் அப்படித்தான்: 50 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும், காரின் 14 வோல்ற் அளவில் ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கிடைப்பது 15 முதல் 20 வாட்ஸ் வரைதான். ஆகவே குறைந்த சக்தியில் கூடிய சத்தம் தரும் ஸ்பீக்கரைத் தேடுங்கள். அந்தத் திறனை டெசிபெலில் குறிப்பிட்டிருப்பார்கள். 3 டெசிபெல் கூடினால் இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுத்ததற்குச் சமம். பழைய ஸ்பீக்கர் 4 ஓமா 2 ஓமா என்பதையும் பார்த்துப் பொருத்தமானதை வாங்க வேண்டும். உங்கள் காருக்கென்று விற்கும் வயர் அடப்ரரையும் வாங்கினால் ஒரு வயரையும் வெட்டத் தேவையில்லை. காரை விற்கும்போது பழையதைத் திரும்பப் பூட்டலாம்.

மூன்றாவது, கதவு. ஸ்பீக்கரின் பெட்டியே கதவுதான். மெல்லிய தகரம் அதிர்ந்தால் நல்ல ஸ்பீக்கரும் வீண். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள தகரத்தில் அதிர்வைத் தாங்கும் ஒட்டுத்தகடு ஒட்டினேன். ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த இடைவெளியை ஸ்பொஞ்சுப் பட்டையால் அடைத்தேன். ஆனால் கதவின் அடியில் தண்ணீர் வடியும் துவாரங்களை மூடக்கூடாது, மூடினால் துருப்பிடிக்கும். சில கார்களில் பக்கவாட்டு மோதலை அறியும் அழுத்த உணரி கதவுக்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட கதவில் புதிதாகத் துளை போடுவதோ இருக்கும் திறப்புகளைத் திறந்தபடி விடுவதோ ஆபத்து. காற்றுப்பை மறைந்திருக்கும் தூண்களிலும் கை வைக்க வேண்டாம்.

இந்த மூன்று படிகளுக்கும் என் செலவு: ஸ்பீக்கர் 140, அடப்ரர் 35, ஒட்டுத்தகடு 65, மொத்தம் 240 டொலர். 13 சதவீத எச்.எஸ்.ரி.யோடு 271 டொலர் 20 சதம். பூட்டியது நானும் மகனும். ஒரு சனிக்கிழமை போனது. பெரும்பாலானோர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான்காவது படி அம்பிளிபயர். சத்தத்தைக் கூட்டும்போது குரல் கரகரத்தால் இது உதவும். இங்கும் றேடியோவை மாற்றத் தேவையில்லை. றேடியோவிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலேயே ஒலியை எடுத்து, அம்பிளிபயருக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் சிறு பெட்டி இருக்கிறது. லைன் அவுட் கொன்வேட்டர் என்று கேட்டு வாங்கலாம். ஸ்பீக்கர் வயரை நேரே ஏற்கும் அம்பிளிபயர்களும் உண்டு.

இதில் விளையாடக்கூடாத விடயம் பற்றரியிலிருந்து வரும் வயர். பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். எஞ்சின் பக்கத் தகரத்தின் ஊடாக வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். பியூஸ் இல்லாத வயர் தகரத்தில் உரஞ்சித் தோல் கழன்றால் கார் தீப்பற்றும். இந்த வேலையை நான் தெரிந்தவரிடம்தான் கொடுத்தேன். நில வயரை வண்ணம் சுரண்டிய வெறுந்தகரத்தில் இறுக்க வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சுச் சத்தம் கேட்டால் முதலில் அந்த இணைப்பைப் பாருங்கள். அம்பிளிபயரின் கெய்ன் திருகியைச் சத்தம் கூட்டும் திருகி என்று நினைக்க வேண்டாம். றேடியோவை முக்கால் அளவில் வைத்து, திருகியை அடியிலிருந்து மெல்லக் கூட்டி, ஒலி சிதையத் தொடங்கியதும் சற்றுக் குறைத்து விட்டுவிட வேண்டும். அம்பிளிபயர் 220, வயர்த்தொகுதி 60, கூலி 160, மொத்தம் 440. வரியோடு 497 டொலர் 20 சதம்.

கடைசிப்படி சப்வூபர். மகன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அதற்குக் கொடுத்தால் கதவு ஸ்பீக்கரின் பாரம் குறையும், பாட்டுக்கு நல்லது. ஆனால் பேச்சுக்கு அது தேவையில்லை. அவனுடைய சம்பளத்தில் வாங்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பற்றுச்சீட்டும் சேர்த்து 768 டொலர் 40 சதம். றேடியோ, கமெரா, பொத்தான்கள் எல்லாம் இருந்தபடியே வேலை செய்கின்றன. பங்குனியில் அதே 401இல், அதே நேரம், ஓர் அறிவித்தல் போனது. அம்மா ஊர், தகப்பனார் பெயர், எங்கே கலியாணம் கட்டியவர் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு, "எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இல்லை. சத்தத்தைக் கொஞ்சம் குறை" என்றார்.

நானும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இப்போது அறிவித்தல்களில் பெயரையும் பெற்றோர் பெயரையும் இரண்டு தரம் வாசிக்கிறேன். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.