கோபுரம் ஏன் பம்பரமாகச் சுற்றியது? சுழற்சி மேட்ரிக்ஸும் ஆய்லர் கோணங்களும்

இடுப்பெலும்பு முறிந்து அம்மா மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்த சமயம். வீடு ஸ்ரீரங்கத்திலேயே இருந்தும் வாசலைத் தாண்ட வழியில்லை. "ராஜகோபுரத்தையாவது ஒரு தடவை பார்க்கணும்டா" என்று தினமும் சொல்வாள். ஒருநாள் விடியற்காலையில் தெற்கு வாசல் பக்கம் போய் நின்று, நாலாபுறமும் படம் எடுத்து ஒட்டி, 360 டிகிரி காட்சியாக்கினேன். போனைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்பும்படி சின்னதாக ஒரு ஆப். ஹாலில் நின்று பார்த்தேன், அருமையாக ஓடியது. அம்மா கையில் கொடுத்த அரை நிமிஷத்தில், "ஏன்டா, கோபுரம் பம்பரமா சுத்துது? எனக்குத் தலையே சுத்துது" என்று போனைக் கீழே வைத்துவிட்டாள்.

பிழை எங்கே என்று புரிய இரண்டு நாள் ஆனது. நான் நின்றுகொண்டு பார்த்தேன். அம்மா படுத்துக்கொண்டு, போனை முகத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். கேமரா விட்டத்தைப் பார்க்கிறது. விஷயமே அதுதான்.

போனின் சென்சார்கள் சேர்ந்து தருவது ஒரு சுழற்சி மேட்ரிக்ஸ், 3க்கு 3, ஒன்பது எண்கள். ஒன்பது இருந்தாலும் சுதந்திரமானவை மூன்றுதான், மீதியை "அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து, நீளம் 1" என்ற நிபந்தனைகள் கட்டிப்போட்டுவிடும். அதனால் மூன்று கோணங்கள் போதுமே என்று தோன்றும். திசை (எந்தப் பக்கம் பார்க்கிறோம்), ஏற்றம் (எவ்வளவு அண்ணாந்து), சாய்வு (தலையை எவ்வளவு சாய்த்து). இவைதான் ஆய்லர் கோணங்கள்.

விமானக்காரர்கள் வழக்கப்படி எக்ஸ் முன்னால், ஒய் வலப்பக்கம், இசட் கீழே என்று வைத்துக்கொள்வோம். ம31 என்றால் மூன்றாம் நிரை, முதல் நிரல். முதலில் திசை, பிறகு ஏற்றம், பிறகு சாய்வு என்ற வரிசையில் பெருக்கினால்:

ம31 = −சைன்(ஏற்றம்)
ம11 = காஸ்(திசை) × காஸ்(ஏற்றம்)
ம21 = சைன்(திசை) × காஸ்(ஏற்றம்)
ம32 = காஸ்(ஏற்றம்) × சைன்(சாய்வு)
ம33 = காஸ்(ஏற்றம்) × காஸ்(சாய்வு)

திரும்பக் கோணம் எடுப்பது சுலபம். திசை = ஏடேன்2(ம21, ம11). சாய்வு = ஏடேன்2(ம32, ம33). ஏற்றத்துக்குப் பலரும் நேராக ஆர்க்சைன் போடுவார்கள், நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். அது இரண்டு விதத்தில் காலை வாரும். தோராயப் பிழையால் எண் 1ஐக் கொஞ்சம் தாண்டினால் விடையே வராது. தாண்டாவிட்டாலும், 32 பிட் எண்ணில் 1க்கு அருகே 90 டிகிரியிலிருந்து சுமார் 0.02 டிகிரிக்குள் இருக்கும் வித்தியாசம் தெரியாது. ஏடேன்2(−ம31, வர்க்கமூலம்(ம11² + ம21²)) என்று எழுதினால் இரண்டு தொல்லையும் போகும்.

ஆனால் பெரிய தொல்லை போகாது. ஏற்றம் 90 ஆனால் காஸ்(ஏற்றம்) பூஜ்யம், மேலே கடைசி நாலு எண்களும் பூஜ்யம். மிச்சமிருப்பதில் ம12 = சைன்(சாய்வு − திசை), ம22 = காஸ்(சாய்வு − திசை). அதாவது வித்தியாசம் மட்டும்தான் தெரியும், தனித்தனியாகத் தெரியாது. (ஏற்றம் −90 என்றால் கூட்டுத்தொகை.) இதைத்தான் கிம்பல் லாக் என்கிறார்கள். சரியாக 90க்குத்தான் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். ஏற்றம் 85ல் இருக்கும்போது கை பக்கவாட்டில் 1 டிகிரி நடுங்கினால், திசை சுமார் 11 டிகிரி தாவும். வயசான கை நடுங்காமல் இருக்குமா?

நம்ம ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. திருச்சி அட்சரேகை சுமார் 10.8 டிகிரி வடக்கு. அதனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் 25 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நிமிஷத்தில் நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இல்லை, "சூரியன் எந்தத் திசையில்?" என்ற கேள்விக்கும் பதில் இல்லை. சூரியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் எண் வைத்த முறைக்குத்தான் ஆகிவிட்டது.

ஆண்ட்ராய்டில் இந்த வேடிக்கை இன்னும் கூடுதல். அது தானாகத் தரும் கோணங்களில், போனை நிமிர்த்திப் பிடித்தாலே லாக் வரும். அதனால் கேமரா மாதிரி உபயோகிக்க அச்சுகளை மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். நான் மாற்றினேன். வாசலில் நின்ற பூதம் மொட்டைமாடிக்குப் போனது, அவ்வளவுதான். எந்த வரிசையில் மூன்று கோணம் எடுத்தாலும் பூதம் எங்கேயாவது இருக்கும். சந்திரனுக்குப் போன அப்பல்லோ கலங்களிலும் மூன்று வளையக் கிம்பல்தான், குறிப்பிட்ட நிலைக்குப் போகாமல் ஓட்டவேண்டியிருந்தது. மைக்கேல் காலின்ஸ் நாலாவது வளையம் கேட்டுக் கிண்டலடித்தது பிரசித்தம்.

என் ஆப்பில் கோணங்கள் எதற்கு? மேட்ரிக்ஸிலிருந்து கோணம் எடுத்து, அதே கோணத்திலிருந்து மறுபடி மேட்ரிக்ஸ் செய்துகொண்டிருந்தேன்! நடுவில் இருந்ததைத் தூக்கிவிட்டேன். பொத்தானை அமுக்கும் நொடியின் மேட்ரிக்ஸை வைத்துக்கொண்டு, அதன் இடமாற்று அணியால் (சுழற்சிக்கு அதுவே நேர்மாறு) பின்னால் வரும் ஒவ்வொரு மேட்ரிக்ஸையும் இடப்பக்கமிருந்து பெருக்கினேன். ஆரம்ப நிலைதான் இப்போது "நேர் எதிரே". விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாலும் கோபுரம் எதிரே நிற்கும். கோணங்களை மனுஷர் படிக்க, திரையில் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அன்று சாயந்திரம் அம்மா கீழிருந்து நிலைகளை எண்ணினாள். "பன்னண்டுதான்டா வருது" என்றாள். கட்டைவிரல் அடிநிலையை மறைத்திருந்தது. நகர்த்திவிட்டதும் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.