'வாய்தா' என்றால் வாக்குறுதி என்று அர்த்தம்! கோர்ட்டு முதல் டெய்லர் கடை வரை சுற்றும் சொல்

சேலம்:

"என்னப்பா, கேஸ் என்னாச்சு?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "வாய்தா போட்டுட்டாங்க" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். கடன் வாங்கியவரை தேடிப் போனால் "அடுத்த வாரம்" என்று ஒரு வாய்தா. தைக்கக் கொடுத்த துணியை கேட்டால் டெய்லர் கடையிலும் வாய்தா. பெண் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டாரைக்கூட "வாய்தா வாங்கிட்டே இருக்காங்க" என்றுதான் ஊரில் பேசுவார்கள்.

தாமதத்துக்கும், தட்டிக்கழிப்பதற்கும் தமிழில் எத்தனையோ சொற்கள் உண்டு. இழுத்தடிப்பு, கிடப்பில் போடுவது, நாள் கடத்துவது, சாக்குப்போக்கு என்று அடுக்கலாம். ஆனால் ஏழை எளியவர்கள் வாயில் அதிகம் புரளுவது இந்த வாய்தாதான்.

வாயும் இல்லை, தாவும் இல்லை

பார்த்தால் 'வாய்', 'தா' என்று இரண்டு தமிழ் சொற்கள் சேர்ந்தது போல தெரியும். அப்படி இல்லை. அரபி மொழியில் வாக்கு கொடுப்பதை குறிக்கும் சொல், உருது வழியாக தமிழுக்கு வந்து வாய்தா ஆனது. இந்தியில் 'வாதா', 'வாய்தா' என்றால் இன்றைக்கும் வாக்குறுதிதான். பிறகு ஒரு தேதியில் பொருளை வாங்க, விற்க முன்கூட்டியே பேசி வைக்கும் முன்பேர வணிகத்தை வட நாட்டில் 'வாய்தா பஜார்' என்கிறார்கள்.

நவாப், கம்பெனி ஆட்சிக் காலங்களில் கச்சேரிகளில் புழங்கிய சொற்களில் இதுவும் ஒன்று. வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, ஆஜர், கிஸ்தி, தாசில்தார் எல்லாம் இதன் கூட்டாளிகள். அரசுக்கு வரி கட்ட வேண்டிய கெடுவுக்கும், தவணைக்கும் வாய்தா என்று பெயர் இருந்தது. "இந்த தேதியில் கட்டுகிறேன்" என்று கொடுத்த வாக்குதான் முதலில் வாய்தா. வாக்கு காப்பாற்றப்படாமல் தேதி தள்ளித் தள்ளிப் போனதில், சொல்லின் அர்த்தமே தலைகீழாகிவிட்டது!

யார் போடுவது, யார் வாங்குவது?

இந்த சொல்லை பேசுகிறவர்கள் ஒரு கணக்கோடுதான் பேசுகிறார்கள். கோர்ட்டு வாய்தா 'போடும்'. வழக்காடுபவர் வாய்தா 'வாங்குவார்'. கடன்காரர் வாய்தா 'சொல்வார்'. "இன்னைக்கு எனக்கு வாய்தா" என்று ஒருவர் சொன்னால், வழக்கு தள்ளிப்போனது என்று அர்த்தம் இல்லை. இன்று விசாரணை தேதி, கோர்ட்டுக்கு போக வேண்டும் என்று அர்த்தம். அதாவது விசாரணை நாளுக்கும் வாய்தா, விசாரணை நடக்காமல் போனாலும் வாய்தா. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த ஜனங்களின் அனுபவம் அப்படி!

'கெடு' என்பதும் தேதி குறிப்பதுதான். ஆனால் கெடு வைப்பவர் பணம் கொடுத்தவர். வாய்தா சொல்பவர் வாங்கியவர். அரசு தமிழில் இதை 'ஒத்திவைப்பு' என்று எழுதுகிறார்கள். பேப்பரில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் செலவு செய்து போய், மாலை வரை காத்திருந்து வெறுங்கையோடு திரும்புகிறவரின் எரிச்சல் அந்த சொல்லில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கேட்டபோதெல்லாம் வாய்தா கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சொத்து, பணம் தொடர்பான சிவில் வழக்குகளில், விசாரணையின்போது ஒரு தரப்புக்கு 3 முறைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்ற திருத்தம் 2002-ம் ஆண்டு ஜூலை மாதம் அமலுக்கு வந்தது. அந்த திருத்தங்களை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை போனது வேறு யாரும் அல்ல, சேலம் வக்கீல்கள் சங்கம்தான். 2005-ல் தீர்ப்பு வந்தது. திருத்தம் செல்லும் என்ற நீதிபதிகள், கட்சிக்காரர் கையை மீறிய காரணம் இருந்தால் 3 முறைக்கு மேலும் கொடுக்கலாம் என்று ஒரு வழியையும் விட்டார்கள். அந்த சந்து வழியாகத்தான் பல வழக்குகள் இன்றும் ஊர்ந்துகொண்டு இருக்கின்றன.

கிரிமினல் வழக்குகளுக்கு, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில், கையை மீறிய காரணம் இருந்தாலும் 2 முறைக்கு மேல் கூடாது என்று எழுதப்பட்டுள்ளது. அதற்கும் எதிர்த்தரப்பு ஆட்சேபத்தை கேட்டு, காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

"எங்க வக்கீல் வேற கோர்ட்டுல இருக்கார்" என்பது அடிக்கடி காதில் விழும் காரணம். சிவில், கிரிமினல் இரண்டிலுமே இது வாய்தாவுக்கு காரணம் ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. கிரிமினல் வழக்கில் சாட்சி வந்து காத்திருக்கும்போது, அவரை விசாரிக்காமல் தள்ளிப்போடுவது என்றால் தனிக்காரணம் எழுத வேண்டும். சிவில் வழக்கில் வாய்தா கேட்பவரிடம் செலவுத்தொகை வாங்கிக் கொடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இதையெல்லாம் தன் வக்கீலிடம் கேட்பதற்கு கட்சிக்காரர் தயங்க வேண்டியது இல்லை.

அடுத்த தேதி தெரியாமல் அலைபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அதை வக்கீலிடம் வாங்கி வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் செல்போனிலேயே அடுத்த வாய்தா என்றைக்கு என்று பார்த்துவிடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலை தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும்.

இரண்டு தரப்பும் பேசி முடிக்க தயார் என்றால் லோக் அதாலத்துக்கு போகலாம். அங்கே முடிந்தால் ஏற்கனவே கட்டிய கோர்ட்டு கட்டணம் திரும்ப கிடைக்கும். அதன் மேல் அப்பீலும் கிடையாது.