வளைவில் சறுக்கும் காரைச் சரிசெய்வோம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'காட்சித் தொடர்பு' அலகு ஸ்கிராட்ச் மென்பொருளை அறிமுகம் செய்கிறது. திரையில் பூனையை நடக்க வைத்துப் பழகியதும் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், கார் ரேஸ் செய்யலாமா?"

செய்யலாம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் சில பாடவேளைகள் போதும். ஆனால் அந்தக் கார் முதல் நாளே ஒழுங்காக ஓடாது. நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும். விசையிலிருந்து கையை எடுத்தாலும் நிற்காது. புல்தரையிலும் சாலையைப் போலவே பறக்கும். இந்தக் கோளாறுகளைச் சரிசெய்யும்போதுதான் உராய்வும் வட்ட இயக்கமும் மாணவர்களுக்கு உண்மையில் தேவைப்படுகின்றன.

கோளாறைச் சொல்லப் பழக்குதல்

"கார் சரியில்லை" என்பது மாணவர்களின் முதல் புகார். அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி பகுதி மாணவர்கள் பலரின் பெற்றோர் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே தரம் பார்ப்பவர் "ஷூ சரியில்லை" என்று சொல்லி நிறுத்துவதில்லை. தையல் எங்கே விட்டுப்போனது, சோல் எந்தப் பக்கம் ஒட்டவில்லை என்று சொல்வார். இந்த எடுத்துக்காட்டு நம் மாணவர்களுக்கு உடனே விளங்கும். எந்த இடத்தில், எந்த வேகத்தில், என்ன ஆகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே நிரலைத் திறக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம்.

கார் நிற்காமல் ஓடுகிறது

'வேகம்' என்று ஒரு மாறியை உருவாக்கி, மேல் அம்புக்குறியை அழுத்தும்போது ஒவ்வொரு சுற்றிலும் 0.2 கூட்டச் சொல்கிறோம். ஸ்கிராட்ச் நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுற்றுவதால் ஒரே நொடியில் வேகம் 6 கூடிவிடும். அதைக் குறைக்க எதுவும் இல்லை. அதாவது, இந்தக் காருக்கு உராய்வே இல்லை.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வேகத்தை 0.95 ஆல் பெருக்கச் சொல்லுங்கள். இப்போது வேகம் 4 ஐ எட்டியதும் அதற்கு மேல் ஏறாது. ஏன்? 4 இல் 5 விழுக்காடு 0.2. இழப்பதும் பெறுவதும் சமமாகிவிடுகின்றன. புல்லின் நிறத்தைத் தொட்டால் 0.95 க்குப் பதில் 0.8 என்று மாற்றினால் உச்ச வேகம் 1 ஆகக் குறையும். விடையை மாணவர்கள் முதலில் தாளில் கணக்கிட்டு, பிறகு திரையில் சரிபார்க்கட்டும்.

நின்ற இடத்தில் சுற்றுகிறது

இடது, வலது அம்புக்குறிகளுக்கு 4 பாகை திரும்பு என்று நிலையான எண் கொடுத்ததே காரணம். சக்கரம் உருளாமல் கார் திரும்பாது. 4 என்ற எண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'வேகம்' மாறியை வையுங்கள். வேகம் சுழி என்றால் திருப்பமும் சுழி.

சறுக்கவே இல்லை

இப்போது கார் தண்டவாளத்தில் ஓடுவது போல வளையும். உண்மையான காருக்கு அது பார்க்கும் திசையும் போகும் திசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. முன்சக்கரங்கள் பிடி இழந்தால் கார் வளையாமல் வெளிப்பக்கம் போகும். பின்சக்கரங்கள் பிடி இழந்தால் பின்பகுதி வீசிச் சுழலும்.

இதைக் காட்ட, நகர்வதற்கான கட்டளையை நீக்கிவிட்டு எக்ஸ் வேகம், ஒய் வேகம் என இரண்டு மாறிகளை வைக்கலாம். கார் பார்க்கும் திசையில் அதற்கு இருக்க வேண்டிய எக்ஸ் வேகம், வேகம் × சைன் (திசை). ஒய் வேகம், வேகம் × காஸ் (திசை). ஸ்கிராட்சில் சுழி பாகை என்பது மேல்நோக்கிய திசை என்பதால் எக்ஸுக்கு சைன் வருகிறது. இருக்க வேண்டிய வேகத்துக்கும் இருக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கூட்ட வேண்டும். அந்தப் பங்கின் பெயர் 'பிடி'. பிடி 1 என்றால் தண்டவாளம், 0.3 என்றால் லேசான சறுக்கல், 0.05 என்றால் தோல் பதனிடும் கூடத்தின் ஈரத் தரை.

ஒரு நேரத்தில் ஓர் எண்

கார் சறுக்கினால் மாணவர்கள் எல்லா எண்களையும் ஒன்றாக மாற்றிவிடுவார்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒரே ஓர் எண்ணை மாற்றி, மூன்று முறை ஓட்டி, ஒரு சுற்றுக்கு ஆன நேரத்தை அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துவது என்று நாம் கற்பிப்பதும் இதுதான்.

திரையிலிருந்து சாலைக்கு

நம் ஊர் ஏலகிரி மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சாய்வில்லாத ஒரு வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சறுக்காமல் போகக்கூடிய உச்ச வேகத்தின் இருமடி = உராய்வுக் குணகம் × 9.8 × ஆரம். காய்ந்த சாலைக்குக் குணகம் 0.7 எனக் கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர். மழையில் அது 0.4 ஆகக் குறைந்தால் 27 கிலோமீட்டர்தான். வேகம் இருமடங்கானால் தேவைப்படும் மையநோக்கு விசை நான்கு மடங்காகும். சமன்பாட்டில் நிறை இல்லை என்பதையும் சுட்டிக்காட்டுங்கள். கனமான வண்டி சாலையை விடாது என்று நம்பும் மாணவர்கள் உண்டு.

பள்ளி முடித்த கையோடு பைக் கேட்கும் வயதில் இருக்கிறார்கள் நம் பிள்ளைகள். தேசிய நெடுஞ்சாலையும் மலைச்சாலையும் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. "மெதுவாகப் போ" என்று நாம் பலமுறை சொல்லியிருப்போம். 'பிடி' எண்ணைத் தாங்களே குறைத்து, அதே வளைவில் அதே வேகத்தில் கார் வெளியே போவதைப் பார்த்த மாணவருக்கு, ஏன் மெதுவாகப் போக வேண்டும் என்பது கணக்கோடு தெரிந்திருக்கும்.