நாற்பத்தெட்டுக் கட்டம்

கோயமுத்தூரில் டீக்கடைக்குப் பேர் பேக்கரி. வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். அவிநாசி சாலையோரம் அப்படி ஒரு பேக்கரியில், தேங்காய் பன்னைப் பாதி பிய்த்து வைத்துவிட்டு ஒரு தம்பி கேட்டார்: "ஏனுங்ணா, இந்த நேரத்தை எப்படித்தானுங்க மிச்சம் புடிக்கிறது? நாளைக்கு முப்பது மணி நேரம் இருந்தாலும் எனக்குப் பத்தாதுங்க."

திருப்பூர் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் அவர். பையரிடம் ஆர்டர் வாங்கியதிலிருந்து சரக்கு கப்பலேறும் வரை நூல், சாயம், தையல், லேபிள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள். போனில் மூன்று ஆப் வைத்து, நாளை செய்ய வேண்டியதையெல்லாம் பட்டியல் போடுகிறார். பட்டியல் நீள்கிறது, நாள் நீளவில்லை.

"வீட்டுல பாலுக்கு, மளிகைக்கு நோட்டு இருக்குங்களா?"

"அம்மா எழுதுவாங்க."

"என்ன வாங்கணும்ங்கிறதையா, வாங்கினதையா?"

சிரித்தார். வாங்கினதைத்தான். நேரத்துக்கு மட்டும் ஏன் தலைகீழாக எழுதுகிறோம் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை. செலவு எங்கே போகிறது என்று தெரியாமலே பட்ஜெட் போடுகிறோம்.

பார்சல் கட்டும் தாள் ஒன்றை வாங்கி 48 கட்டம் போட்டேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அதில் கேட்பது இவ்வளவுதான்: நேற்று அதிகாலை 4 மணி தொடங்கி இன்று அதிகாலை 4 மணி வரை, ஒவ்வொரு அரை மணியும் என்ன செய்தீர்கள்? என்ன செய்ய நினைத்தீர்கள் என்ற கேள்வியே கிடையாது.

"நாள் ஏனுங்க நாலு மணிக்கு ஆரம்பிக்குது?"

பன்னிரண்டு மணிக்கு வெட்டினால் ஒரே தூக்கம் இரண்டு நாளில் விழும். நாலு மணிக்குப் பெரும்பாலானவர்கள் தூக்கத்தில் இருப்பார்கள். சோமனூரில் ராத்திரி தறி ஓட்டுகிறவருக்கும், மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றுகிறவருக்கும் அது உச்ச வேலை நேரம் என்பது வேறு விஷயம்.

ஒரு வாரம் எழுதச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. மொத்தமாக ராத்திரி உட்கார்ந்து எழுதக் கூடாது. காலை டீக்கு ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், படுக்கப்போகும்போது ஒரு தரம். தள்ளிப் போட்டால் ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் கணக்கு எழுதும்.

அடுத்த வாரம் தாளோடு வந்தார். பகல் கட்டங்களில் பெரிய அதிசயம் இல்லை. வேலை, வேலை, நடுவில் பைபாஸில் பயணம். விஷயம் ராத்திரியில் இருந்தது. எட்டரையிலிருந்து பத்தரை வரை நாலு கட்டத்திலும் 'போன்'. எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்டேன். கூட்டிப் பார்த்தால் இருபது நிமிடம்கூட வரவில்லை. ஆனால் எந்த நிமிடம் மணி அடிக்கும் என்று தெரியாததால், நாலு கட்டமும் வேறு எதற்கும் உதவாமல் போயிருந்தன. நேரம் போவது பெரும்பாலும் இப்படித்தான். மொத்தமாக யாரும் களவாடுவதில்லை, சில்லறையாக உடைத்துவிடுகிறார்கள்.

ஏன் அந்த நேரம்? பையர் ஜெர்மனிக்காரர். அங்கே ஆபீஸ் முடியும் ஐந்து மணி, கோடையில் நமக்கு இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால், அவிநாசியில் தம்பியின் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப் போகிறது.

கோயமுத்தூரும் ஒரு காலத்தில் மில் சங்கை வைத்து நேரம் பார்த்தது. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. பகல், அரை நைட், முழு நைட் என்று வீடுகளின் சமையலே ஷிப்டை வைத்து நடந்தது. அந்தக் காலத்தை நான் புகழவில்லை. பஞ்சுத் தூசியும் முதுகுவலியும் தெரிந்தவர்கள் புகழமாட்டார்கள். ஆனால் சங்குக்கு ஒரு குணம் இருந்தது: வேலைக்குக் கூப்பிட்ட அதே சங்கு, வேலை முடிந்தது என்றும் ஊதியது. தம்பியின் போன் கூப்பிட மட்டும்தான் செய்கிறது.

"அப்ப எல்லாரும் கட்டம் போட்டாச் சரியாப் போயிருங்களா?"

போகாது. அவர் கம்பெனியிலேயே தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 'ஒன்றரை ஷிப்ட்'. காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டு, எட்டரை. அவர்களிடம் நேர மேலாண்மை பேசுவது வெட்கக்கேடு. அது கூலிப் பிரச்சினை. வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் வரம்பு வைத்தது. 2023 ஏப்ரலில், நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பவே நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சில கட்டங்களை நாம் தனியாளாக மாற்ற முடியாது, கூட்டாகத்தான் காக்க முடியும்.

இரண்டாவது டீ வந்தது. "உங்க வீட்டுக்காரம்மாவும் ஒரு தாள் எழுதட்டுமே" என்றேன்.

"அவ வேலைக்குப் போறதில்லைங்ணா. வீட்லதான் இருக்கறா."

இந்த இடத்தில் கணக்கெடுப்பை மறுபடி எடுத்தேன். 2019இல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளில் சராசரி 299 நிமிடம் கொடுத்தார்கள். செய்த ஆண்கள் 97. 'செய்த' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெண்களில் நூற்றுக்கு 81 பேர் செய்தார்கள், ஆண்களில் 26 பேர்தான். மீதி ஆண்கள் அந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை. 2024இல் பெண்கள் 289க்கு இறங்கினார்கள். நாம் சும்மா இருப்போமா, 88க்கு இறங்கிவிட்டோம்.

அந்தத் தாளும் வந்தது. ஒரே கட்டத்தில் இரண்டு மூன்று வேலை நுணுக்கி எழுதியிருந்தது: தண்ணி பிடித்தல், இட்லி, பையனுக்கு ஷூ. ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக் கட்டங்களுக்கு நேரே மட்டும் தெளிவாக, 'அவர் போன் பேசி முடிக்கிறதுக்காகச் சோத்தை மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.'

தம்பி அதை இரண்டு தரம் படித்தார். தன் தாளைப் பக்கத்தில் வைத்தார். இவருடைய உடைந்த நாலு கட்டத்துக்கு அங்கேயும் இரண்டு கட்டம் உடைந்திருந்தது.

பையருக்கு ஒரு மெயில் போட்டார்: அன்றைய விவரம் எல்லாம் நம் நேரம் ஏழரைக்குள் வந்துவிடும், அதற்கு மேல் வரும் கேள்விக்குப் பதில் காலையில். வேலை போய்விடும் என்று பயந்தார். மறுநாள் பையர் 'சரி' என்று ஒரே சொல்லில் எழுதினார். இப்போது எட்டு மணிக்குப் போன் அரிசி டிரம் மேலே போகிறது. சாப்பிட்ட பாத்திரம் இவர் கைக்கு வருகிறது.

நேற்றுப் பார்த்தேன். ஷிப்மென்ட் வாரம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இந்த வாரம் தாளே எழுதலீங்ணா" என்றார். பன்னைக்கூடப் பார்சல்தான் வாங்கினார், இரண்டு.