முன்னேஸ்வரம்: நிலமும் மக்களும்

ஈழத்தின் மேற்குக் கரையிலே, கொழும்புக்கு வடக்கே ஏறக்குறைய 50 மைல் தொலைவில் சிலாபப் பட்டினம் இருக்கின்றது. அதற்கு அணித்தே தென்னஞ்சோலைகளின் நடுவே அமைந்த சிற்றூர் முன்னேஸ்வரம். தெற்கின் ஈரவலயமும் வடக்கின் உலர்வலயமும் தழுவும் இடைநிலம் இது. மலைநாட்டுச் சரிவில் தோன்றும் தெதுறு ஓயா, சிலாபத்துக்கு வடக்கே கடலோடு கலக்கின்றது. ஆற்றோரத்தில் நெல்லும், மணற்பாங்கில் தென்னையும், கரையில் மீன்பிடியும் மக்களை வாழ்விக்கின்றன.

முற்காலத்தில் இக்கரைக்குப் புகழ் தந்தது முத்து. முத்துக்குளிப்பைச் 'சலாபம்' என்பது பழைய வழக்கு. சிலாபம் என்னும் பெயரே அதன் திரிபு என்பாரும் உளர். 1344ஆம் ஆண்டில் வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்களைக் கண்டதாக எழுதியுள்ளார்.

முன்னேஸ்வரச் சிவாலயத்தைப் பேணியவர்கள் ஒரு மொழியினரோ ஒரு சமயத்தினரோ மட்டும் அல்லர். பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு இதற்கு நிலம் அளித்ததைக் கல்வெட்டு கூறுகின்றது. அடுத்த நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் அதைப் புதுப்பித்து, 1753இல் குடமுழுக்குச் செய்வித்தான். அதே ஆண்டிலேதான் சீயத்துப் பிக்குகளைக் கொண்டு பௌத்த உபசம்பதையையும் அவன் மீண்டும் நிலைநாட்டினான்.

கோயில் மீண்டெழுந்தது, ஆனால் அதனைச் சூழ்ந்த தமிழ் குன்றியது. கரையோரக் கத்தோலிக்க மீனவர் பலர் ஒருகாலத்தில் தமிழ் பேசினர். பாடசாலைகளிற் சிங்களம் போதனாமொழியாகவே, இரண்டொரு தலைமுறைக்குள் வீட்டுமொழியும் மாறிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி புத்தளம் மாவட்டத்தில் ஏறக்குறைய 7,62,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் நாலில் மூன்று பங்கினர் சிங்களவர். ஐந்தில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். இலங்கைத் தமிழர் நூற்றுக்கு 6 பேர் அளவினரே. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பு போன்ற ஊர்களில் தமிழ் ஊர்மொழியாக நிலைத்திருக்கின்றது.

எனினும், மொழி மாறியதனால் வழிபாடு மறைந்துவிடவில்லை. ஆவணியை ஒட்டி 28 நாட்கள் நிகழும் மகோற்சவத்தில் தமிழரோடு சிங்களப் பௌத்தரும் பெருந்திரளாய்க் கலந்துகொள்கின்றனர். வடிவாம்பிகை சந்நிதியில் ஒருவர் தமிழிலும் அருகில் நிற்பவர் சிங்களத்திலும் வேண்டுதல் செய்வது அங்கே புதுமையன்று. விழா நிறைவிலே தீர்த்தமாடச் சுவாமி எழுந்தருளுவது அந்தத் தெதுறு ஓயாவுக்கே. அவ்வாற்றின் கரையிலே இரு மொழியினரும் இன்றும் ஒன்றாகக் கூடுகின்றனர்.